சிபிஎன்: நாள்பட்ட கஞ்சாவில் பிறக்கும் பொருள் நல்ல தூக்க மருந்தா?

வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. படுத்ததும் தூங்கிவிடுகிறார், ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்கிறார். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் 'சிபிஎன் கம்மி' என்ற தூக்க மிட்டாயை வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். கஞ்சாவிலிருந்து வந்தாலும் போதை தராது, இயற்கையானது, தூக்கத்துக்கென்றே உள்ளது என்பது அவர் வாதம். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். காரணம் வார்ஃபரின். அந்த மாத்திரை இல்லாவிட்டாலும் நான் தயங்கித்தான் இருப்பேன். அண்ணன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதனால் எது உண்மை, எது வெறும் பேச்சு என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சிபிஎன் என்றால் என்ன என்று பார்ப்போம். முழுப்பெயர் கன்னாபினால். கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உண்டு. அவற்றில் போதை தருவது டிஎச்சி. போதை தராமல் புகழ்பெற்றது சிபிடி. சிபிஎன் இவற்றிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. செடி அதை நேராக உண்டாக்குவதில்லை. பறித்த பூவும் பிசினும் காற்று, வெளிச்சம், வெப்பம் பட்டுக் கிடக்கும்போது டிஎச்சி மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதன் மூலக்கூறிலிருந்து 4 ஹைட்ரஜன் அணுக்கள் கழன்றுபோய், ஒரு வளையம் பென்சீன் வளையம் போல உறுதியானதாக மாறிவிடுகிறது. மிஞ்சுவதுதான் சிபிஎன். புதிதாகப் பறித்த செடியில் தேடினால் அநேகமாக இருக்காது, பழைய சரக்கில் நிறைய இருக்கும்.

எவ்வளவு வேகத்தில் இது நடக்கிறது என்பதை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். சாதாரண அறை வெப்பத்தில் வைத்திருந்த கஞ்சாவில் முதல் ஆண்டில் டிஎச்சி சராசரியாக 16.6 சதவீதம் குறைந்தது. நான்கு ஆண்டில் 41.4 சதவீதம். டிஎச்சி குறையக் குறைய சிபிஎன் கூடியது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்தே சரக்கு எவ்வளவு பழையது என்று ஓரளவு கணிக்கலாம்.

தொல்லியல் ஆய்வாளர்களுக்கும் இதே பொருள் கைகொடுத்திருக்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில், துர்ஃபான் அருகே யாங்ஹாய் என்ற இடுகாட்டில் ஒரு கல்லறையிலிருந்து 789 கிராம் கஞ்சா கிடைத்தது. வயது சுமார் 2700 ஆண்டுகள். அதில் டிஎச்சியைத் தேடுவது வீண், அது எப்போதோ சிதைந்திருக்கும். ஆனால் சிபிஎன் இருந்தது. ஒரு காலத்தில் அந்தச் செடியில் டிஎச்சி நிறைந்திருந்தது, அது நாருக்காக மட்டும் வளர்த்த வகை இல்லை என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள். பாமிர் மலைப்பகுதியில் கிடைத்த சுமார் 2500 ஆண்டுப் பழைய மரத் தூபச்சட்டிகளிலும் இதே தடயம்தான் பேசியது. அந்த ஆய்வு 2019இல் வந்தது. எனக்கு சிபிஎன் மேல் முதலில் ஆர்வம் வந்ததே இந்தக் கல்லறைச் செய்திகளால்தான்.

கஞ்சாவின் பொருள்களில் வேதியியலாளர்கள் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் இதைத்தான். கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகிய மூவர் 1896இல் சரஸ் எனப்படும் இந்தியக் கஞ்சாப் பிசினிலிருந்து ஒரு சிவந்த எண்ணெயை வடித்தார்கள். கஞ்சாவின் போதைக்கு அதுவே காரணம் என்று எண்ணி, அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டார்கள். அந்த எண்ணெய் ஒரு கலவை என்பதும், அதிலிருந்து சுத்தமாகப் பிரித்த பொருளுக்குச் சொல்லும்படியான போதை இல்லை என்பதும் பிற்பாடு தெளிவானது. 1930களில் ராபர்ட் கான் அதன் அமைப்பைப் பெரும்பகுதி கண்டறிந்தார். 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் குழுவும் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாட் குழுவும் அதைச் செயற்கையாகவே உருவாக்கி அமைப்பை உறுதிசெய்தன. உண்மையான காரணமான டிஎச்சியின் அமைப்பு 1964இல்தான் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் காவோனி கைகளில் தெளிந்தது.

இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையில் கிடைத்த பொருளையே விளைவுக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்ட அந்தத் தவறு, தூக்க விஷயத்தில் மறுபடியும் நடந்திருக்கிறது.

கஞ்சா பயன்படுத்துபவர்கள் நெடுங்காலமாகச் சொல்வது ஒன்று: பழைய சரக்கு ஆளைத் தூங்கவைத்துவிடும். சரி, பழைய சரக்கில் எது கூடியிருக்கிறது? சிபிஎன். அப்படியென்றால் தூக்கம் தருவது அதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய சரக்கில் மாறுவது அது ஒன்று மட்டும் இல்லையே. மணம் தரும் டெர்பீன்களில் இலேசானவை ஆவியாகிப் போய்விடுகின்றன, கனமானவை தங்கிவிடுகின்றன. டிஎச்சி குறைந்திருந்தாலும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது, அதுவே மந்தம் தரக்கூடியதுதான். இத்தனையும் கலந்த கலவையில் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட, அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தனியாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள், 1975இல் பிரேசிலில். ஐந்தே ஐந்து ஆண்கள். 50 மி.கி. சிபிஎன்னைத் தனியாக விழுங்கியபோது குறிப்பிடும்படியான தூக்கக் கலக்கம் இல்லை. 25 மி.கி. டிஎச்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது, டிஎச்சி மட்டும் சாப்பிட்டதைவிடக் கூடுதலாகத் தலைசுற்றல், மயக்கம், தூக்கக் கலக்கம் என்றார்கள். ஐந்து பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சிபிஎன் தன்னந்தனியாகத் தூங்கவைக்கும் என்ற பேச்சுக்கு அந்த ஆய்வு துணை நிற்கவில்லை என்பது நிச்சயம்.

இருந்தும் பேச்சு வளர்ந்தது. சில மில்லிகிராம் சிபிஎன், மனப்பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் டயசிபாம் மாத்திரையில் 10 மி.கி.க்குச் சமம் என்ற ஒரு வாசகம் பல ஆண்டுகளாக இணையத்தில் சுற்றுகிறது. அதன் பின்னால் மனிதர்களிடம் செய்த எந்தச் சோதனையும் இல்லை. டயசிபாம் மூளையில் வேலை செய்யும் இடம் வேறு, சிபிஎன் ஒட்டும் இடம் வேறு. உங்கள் அண்ணன் பார்த்த விளம்பரத்திலும் இந்த வரி இருந்தால் அந்த நிறுவனத்தின் மற்ற வார்த்தைகளையும் நம்பாதீர்கள். 2021இல் அதுவரை வந்திருந்த மனித ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வும், தூக்கத்துக்கு சிபிஎன் உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆய்வுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால் நான் "சும்மா கட்டுக்கதை" என்று சொல்லி முடித்திருப்பேன்.

ஒன்று 2023இல் வெளியானது. தங்கள் தூக்கம் மோசம் என்று சொன்ன 18 முதல் 55 வயதுக்காரர்கள், முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவு. ஏழு இரவுகள். சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, சிலருக்கு 20 மி.கி. சிபிஎன், மற்றவர்களுக்கு அதோடு வெவ்வேறு அளவில் சிபிடி. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முடிவு என்ன? சீக்கிரம் தூக்கம் வரவில்லை. தூக்கத்தின் தரம் கொஞ்சம் மேம்பட்டதுபோலத் தோன்றினாலும், தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் இரவில் விழித்துக்கொள்ளும் எண்ணிக்கை குறைந்தது, பகலில் கூடுதல் சோர்வும் இல்லை. சிபிடி சேர்த்ததால் எந்த நன்மையும் கூடவில்லை. கஞ்சா நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் நடத்தியது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் மட்டும் அதை ஒதுக்கிவிடவும் முடியாது, முறையாகச் செய்த ஆய்வுதான். எல்லாமே அவரவர் சொன்னதை வைத்து அளந்தது, மூளை அலையைப் பதிவுசெய்து பார்த்தது இல்லை.

மற்றது சிட்னி பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் செய்தது, 2024இல் வெளியானது. இதில் மூளை அலைகளையே பதிவுசெய்தார்கள். சிபிஎன் கொடுத்த எலிகளில் முதலில் தூக்கம் சற்றுக் குறைந்து, சில மணி நேரம் கழித்துக் கூடியது. ஆழ்ந்த தூக்கம், கனவு வரும் தூக்கம் இரண்டுமே மாறின. கூடிய அளவை சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கல்லீரலில் சிபிஎன் மாறி உண்டாகும் 11-ஹைட்ராக்ஸி வடிவம், டிஎச்சி மூளையில் ஒட்டி வேலை செய்யும் அதே இடத்தை, அதாவது சிபி1 ஏற்பியை, தூண்டுகிறது. சிபிஎன்னும் அந்த ஏற்பியில் ஒட்டக்கூடியதுதான், டிஎச்சியைவிடப் பலவீனமாக. சுமார் பத்தில் ஒரு பங்கு வலு என்று சொல்வது வழக்கம். ஆகவே "போதையே இல்லாதது, சிபிடி போல" என்பது பாதி உண்மை. சிபிடி அந்த ஏற்பியை இப்படித் தூண்டுவதில்லை. சிபிஎன் தூண்டுகிறது, மெல்ல. குறைந்த அளவில் உணர மாட்டார்கள். அளவு கூடினாலோ டிஎச்சி கலந்திருந்தாலோ கதை மாறும்.

இரவு விழிப்பைக் குறைக்கலாம் என்று ஒரே ஒரு நல்ல ஆய்வு சொல்கிறது, உங்கள் அம்மாவின் தொல்லையும் அதேதான். ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த ஆய்வில் 55 வயதைத் தாண்டியவர்கள் இல்லை, ஒரு வாரத்துக்கு மேல் யாரும் சாப்பிடவும் இல்லை.

இப்போது வார்ஃபரின். உடலில் வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் முக்கிய நொதி சிஒய்பி2சி9. ஆய்வகச் சோதனைகளில் சிபிஎன் இந்த நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி மந்தமானால் வார்ஃபரின் ரத்தத்தில் தங்கிச் சேரும், ரத்தம் உறைவது தேவைக்கு மேல் குறையும், உள்ளே கசிவு வரலாம். சிபிஎன்னையும் வார்ஃபரினையும் சேர்த்து மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பாதுகாப்பான அளவு என்று எதையும் வகுக்கவில்லை. சிபிடி விஷயத்தில் இது வெறும் கணக்கு இல்லை, நடந்தே இருக்கிறது. வலிப்புக்காக சிபிடி எடுத்த ஒரு நோயாளிக்கு, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைச் சரியாக வைக்க வார்ஃபரினை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது என்று 2018இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தூக்க மிட்டாய்கள் பலவற்றில் சிபிஎன்னோடு சிபிடியும், தூக்க ஹார்மோனான மெலடோனினும் சேர்ந்தே இருக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மெலடோனினிலும் எச்சரிக்கை உண்டு. ஒரே மிட்டாயில் மூன்று பொருள்கள், மூன்றிலும் சந்தேகம். 68 வயதில், இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது கொஞ்சம் தள்ளாட்டம் வந்து கீழே விழுந்தால், வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தலையில் படும் சின்ன அடிகூடப் பெரிய ஆபத்து. என் 'வேண்டாம்' முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. கடையில் வரும் சிபிஎன் பெரும்பாலும் நாள்பட்ட கஞ்சாவிலிருந்து வடித்தது இல்லை. டிஎச்சியை வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்தோ, டிஎச்சி மிகக் குறைந்த ஹெம்ப் என்ற கஞ்சா வகையின் சிபிடியை அயோடின் கொண்டு மாற்றியோ தயாரிப்பது. தவறு என்று சொல்லவில்லை, வேதியியல் சரியாக நடந்தால் கிடைப்பது அதே மூலக்கூறுதான். சரியாக நடக்காவிட்டால் மிச்சமான டிஎச்சியும் வேறு துணைப் பொருள்களும் உள்ளே இருக்கும். "இயற்கையானது" என்ற சொல்லுக்கு இங்கே அதிக மதிப்பு இல்லை.

லேபிளில் எழுதியிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்? இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. 2023இல் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்தபோது 22இல் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை, சிபிடி மட்டும் இருந்தது. சிபிஎன் கம்மி இந்த இரண்டு சந்தைகளும் சந்திக்கும் இடம். யாராவது வாங்கத்தான் போகிறேன் என்றால், அந்தந்த உற்பத்தித் தொகுதிக்கு வெளி ஆய்வகம் கொடுத்த சான்றைக் கேட்டு, அதில் டிஎச்சி அளவு என்ன, தொகுதி எண் டப்பாவோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

வேலைக்காகச் சிறுநீர்ச் சோதனை கொடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. டிஎச்சியைக் கண்டறியும் முதல்நிலைச் சோதனைகள் சிலவற்றில் சிபிஎன்னும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும் என்பது 2022இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அடுத்தகட்ட விரிவான சோதனையில் வேறுபாடு தெரியும், ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அண்ணன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறார். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஹெம்ப்பைத் தடையிலிருந்து விலக்கியபின் இந்த மிட்டாய்கள் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதே பொருள் பிரிட்டனில் பி வகுப்புத் தடைப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் ஏ வகுப்பு. ஒரு கடையில் தாராளமாக விற்பதை அப்படியே தபாலில் போட்டால், போய்ச் சேரும் இடத்தில் அது போதைப்பொருள் வழக்கு ஆகலாம். வாங்கும் நாட்டின் சட்டம் மட்டும் போதாது, வழியில் உள்ள நாடும் சேரும் நாடும் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் அனுப்பவே கூடாது. பெறுபவர் பெயர் உங்கள் அம்மாவுடையது.

தூக்கத்தைத் தாண்டியும் சிபிஎன்னுக்கு நிறைய நன்மைகள் சொல்கிறார்கள். இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், பெரும்பாலானவை இன்னும் குடுவையிலும் விலங்கிலும்தான் இருக்கின்றன. வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை ஆய்வகத் தட்டில் சிபிஎன்னும் வேறு நான்கு கன்னாபினாய்டுகளும் நன்றாகத் தடுத்தன என்று 2008இல் வந்தது. தட்டில் கிருமியைக் கொல்வதற்கும் உடலில் தொற்றைத் தீர்ப்பதற்கும் நடுவே நெடுந்தூரம். ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2012இல் எலிகளுக்குக் கொடுத்தபோது பசி கூடியது. கொப்புளத் தோல் நோயான எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவுக்கு சிபிஎன் களிம்பு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது, அரிப்பு குறைவதற்கு ஒரு சாடை தெரிந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தருவது கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் நடப்பது. வயதாகும் மூளையில் நரம்புச் செல்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் சாகும் ஒரு வழியை சிபிஎன் தடுப்பதாக அங்கே கண்டிருக்கிறார்கள். அது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா வழியாக வேலை செய்கிறது, சிபி1 ஏற்பியைச் சார்ந்து இல்லை. இதை வைத்து, சிபிஎன்னின் மூலக்கூறை மாற்றியமைத்துப் புதிய சேர்மங்களைச் செய்து பழ ஈக்களிலும் சோதித்துவருகிறார்கள். இது என்றாவது ஒரு நாள் மருந்தாக வந்தால், மருத்துவர் அளந்து கொடுக்கும் மாத்திரையாக வரும். இன்றைய மிட்டாயைச் சாப்பிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

சரி, அம்மாவுக்கு என்ன செய்வது? 2 மணி விழிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் இதயத் துடிப்புச் சீர்கேடும் அடிக்கடி சேர்ந்தே வரும், அதனால் உங்கள் அம்மா விஷயத்தில் இதை முதலில் சந்தேகிப்பேன். சிறுநீர் கழிக்கத்தான் எழுகிறாரா? சிறுநீர் பெருக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறார் என்றால் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் குடைச்சல், மன வாட்டம், மதியம் நெடுநேரத் தூக்கம் எல்லாம் இதே விழிப்பைக் கொண்டுவரும். இவை எதுவும் இல்லை என்றால் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் பரிந்துரைத்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது, காலையில் ஒரே நேரத்தில் எழுவது என்று நான்கிலிருந்து எட்டு வாரம் போகும். முதல் இரண்டு வாரம் தூக்கம் இன்னும் மோசமானதுபோல இருக்கும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மாவிடம் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒருவேளை மிட்டாய் ஏற்கெனவே வந்து, ஓரிரு நாள் கொடுத்தும் விட்டீர்கள் என்றால் பயந்து மறைக்க வேண்டாம். நிறுத்துங்கள். வார்ஃபரின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், மருத்துவரிடம் மிட்டாய் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டி ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலநிற ரத்தக்கட்டு, கருத்த மலம், சிவந்த சிறுநீர், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.